மேட்டுநில மக்களும் வன்னிக் காடும்: மீள்வனமாக்கம் யாருக்காக?

ஆண்டுதோறும் ஜூன் மாதம் 5ஆம் திகதி வன்னியின் பாடசாலைகளிலும் அரச அலுவலகங்களிலும் ஒரு சடங்கு நிகழ்கின்றது. பதாகை கட்டப்படும், அதிதிகளுக்கு மாலை அணிவிக்கப்படும், முன்னரே தோண்டி வைத்த குழியில் மரக்கன்று ஒன்று இறக்கப்படும், ஒரு வாளி நீர் ஊற்றப்படும், நிழற்படம் எடுக்கப்படும். உலக சுற்றாடல் தினம் என்பது அதன் பெயர். 1972ஆம் ஆண்டு ஸ்டொக்ஹோம் நகரிற் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாட்டின் தொடக்க நாளே அத்தினமாகக் கொள்ளப்பட்டது. சுவீடனுக்கு அது மண் நெகிழ்ந்து செடி தளிர்க்கும் காலம். வன்னிக்கோ சோளகம் வீசும் காலம். சிறுகுளங்கள் வற்றி, மண் இறுகி, கால்நடைகள் நீர்தேடி அலையும் அம்மாதங்களில் நடப்பட்ட கன்று ஐப்பசி மழை வரையும் உயிர் தாங்குவது அரிது. அடுத்த ஆண்டு அதே குழியில் வேறொரு கன்று வைக்கப்படும். வடமாகாண சபை இயங்கிய காலத்தில் கார்த்திகையை மரநடுகை மாதமாக அறிவித்தமை இக்கேலிக்கூத்துக்கு ஒரு திருத்தமாக அமைந்தது. எனினும் 2018இல் அச்சபையின் பதவிக்காலம் முடிந்த பின்னரும் ஜூன் சடங்கு ஓய்ந்தபாடில்லை.

திகதி சிறு விடயமே. ஆயினும் வன்னியின் காட்டைப் பற்றிய சிந்தனை வன்னியின் மழையையும் மண்ணையும் மக்களையும் கருதாமலே வளர்ந்து வந்துள்ளது என்பதற்கு அது நல்ல சான்று. மரம் நடுவதைப் பற்றிப் பேசுவோர், நட்ட மரத்தைக் காப்பவன் யார், காப்பதனால் அவனுக்குக் கிடைப்பது யாது என்ற வினாக்களை எழுப்புவதில்லை. வறியவன் காட்டை அழிக்கிறான், அரசு காட்டைக் காக்கிறது என்ற சூத்திரமே அலுவலக அறிக்கைகளிலும் நகரத்துச் சூழலியலாளரின் கட்டுரைகளிலும் திரும்பத் திரும்ப ஓதப்படுகின்றது. வரலாற்றின் முன்னே இச்சூத்திரம் நிற்கமாட்டாது.

வன்னிக் காடு மனிதக் கைபடாத ஆதிக்காடு என எண்ணுதல் தவறு. பாலையும் வீரையும் முதிரையும் கருங்காலியும் செறிந்த அக்காட்டினூடே நடந்து செல்பவன் ஆங்காங்கே உடைந்த குளக்கட்டுகளைக் காண்பான். 1895இல் வன்னி மாவட்டங்கள் பற்றிய கைநூலை வெளியிட்ட ஜே. பி. லூயிஸ், நீர்ப்பாசனப் பொறியியலாளரான ஹென்றி பாக்கர், 1930களில் பண்டைய நீர்ப்பாசன வேலைகளைத் தொகுத்தெழுதிய ஆர். எல். புறோகியர் ஆகியோர் காடுமூடிய குளங்களை விரிவாகப் பதிவு செய்துள்ளனர். குளம் உடைந்தது, வயல் தரிசாயிற்று, தரிசு பற்றையாயிற்று, பற்றை காடாயிற்று. இன்று இயற்கைக் காடு எனப்படுவதன் கணிசமான பகுதி ஒரு காலத்து ஊரேயாகும். மனிதன் நீங்கிய இடத்திற் காடு வரும் என்று இதிலிருந்து முடிவு கட்டுவோர், அவன் வாழ்ந்தபோது குளமும் காடும் வயலும் ஒன்றையொன்று தாங்கி நின்றன என்பதையும் சேர்த்து நோக்குதல் வேண்டும்.

இப்பிணைப்பை அறுத்தது சட்டம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச்சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடக்கும் நிலம், மாறாக நிரூபிக்கப்படும் வரையில், முடிக்குரியதே எனக் கொண்டது. 1897இன் தரிசுநிலக் கட்டளைச்சட்டம் அதனை மேலும் இறுக்கியது. 1885இலும் 1907இலும் இயற்றப்பட்ட வனச் சட்டங்கள் விறகு பொறுக்குபவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றின. 1840ஆம் ஆண்டுச் சட்டத்தின் உள்நோக்கம் மலைநாட்டிலே வெட்டவெளிச்சமாயிற்று. கண்டிப் பிரதேசத்து மலைக்காடுகள் ஏக்கர் ஐந்து சிலிங் விலைக்குக் கோப்பித் துரைமாருக்கும் உத்தியோகத்தருக்கும் கைமாறின. கோப்பி அழிந்த பின் தேயிலை வந்தது. மகாவலியும் களனியும் ஊற்றெடுக்கும் மலைகள் மொட்டையடிக்கப்பட்டபோது 'காடழிப்பு' என்ற சொல் எந்த அறிக்கையிலும் குற்றச்சாட்டாக எழுதப்படவில்லை. 'அபிவிருத்தி' என்றே எழுதப்பட்டது. அம்மலைகளைத் தோட்டங்களாக்கும் உழைப்புக்காகத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்களுக்கு ஒரு முழ நிலமும் உரிமையாகவில்லை.

அவர்களின் வழித்தோன்றல்கள் வன்னிக்கு வந்த வழி துயர் நிறைந்தது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964இன் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலையெண்ணிப் பங்கிட்டது. 1973, 1974 ஆண்டுகளின் உணவுப் பஞ்சம் தோட்டங்களிலே உயிர்களைக் குடித்தது. 1977இன் வன்செயல் எஞ்சிய நம்பிக்கையையும் எரித்தது. வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் அவர்கள் வந்துசேர்ந்தனர். எஸ். ஏ. டேவிட், வைத்தியர் இராசசுந்தரம் ஆகியோர் அமைத்த காந்தீயம் இயக்கம் அவர்களுட் பலரைக் குடியமர்த்திற்று. இராசசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையிற் கொல்லப்பட்டார். மலையக அகதிகள் குடியேற்றப்பட்டிருந்த கென்ற், டொலர் பண்ணைகளிலிருந்து அவர்கள் 1984இல் வெளியேற்றப்பட்டனர். அவ்விடத்திற் கைதிகளும் அவர்தம் குடும்பத்தினரும் குடியேற்றப்பட்டனர். அவ்வாண்டு நவம்பரில் அவர்களும் படுகொலைக்கு ஆளாயினர். வறியவரைக் கொண்டு எல்லை வகுக்கும் அரசியலின் இயல்பு அது.

இவ்வாறு வந்தவர்களுக்குக் கிடைத்தது எத்தகைய நிலம் என்பதே இங்கு முதன்மையானது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின்கீழ் முற்பட்ட குடியேற்றத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு ஐந்து ஏக்கர் வயலும் மூன்று ஏக்கர் மேட்டுக்காணியும் வழங்கப்பட்டன. 1950களில் அவ்வளவு குறைந்தது. பின்னர் மேலும் குறைந்தது. பிந்தி வந்தவர்களுக்கு, அதிலும் மலையகத்திலிருந்து வந்தவர்களுக்கு, பெரும்பாலும் வயலே இல்லை. கிளிநொச்சியின் பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம் போன்ற ஊர்களை அறிந்தோர் இதனை அறிவர். வாய்க்கால் எட்டாத மேட்டிற் குடிசை. மழையை நம்பிய கச்சான், உழுந்து, பயறு. பிறர் வயலில் நாட்கூலி. வறட்சி நீடித்தாற் காடு. மலைநாட்டிலிருந்து இறங்கி வந்தவர்கள் வன்னியிலும் மேட்டிலேயே விடப்பட்டனர். வன்னியின் மேடு கடல்மட்டத்திலிருந்து உயரமானதன்று. நீருக்கு எட்டாதது என்பதே அச்சொல்லின் பொருள்.

இனி நீரின் கணக்கைப் பார்த்தல் தகும். வன்னிக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் மழை ஏறத்தாழ 1,200 முதல் 1,500 மில்லிமீற்றர். அதிற் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையான சில வாரங்களிலே கொட்டித் தீர்கின்றது. அந்நீரைக் குளத்திற் சேர்ப்பது ஆறு; ஆற்றிற் பக்குவமாகச் சேர்ப்பது காடு. காட்டின் சருகும் வேரும் மழையின் வேகத்தைத் தணித்து மண்ணுள் இறக்குகின்றன. காடு நீங்கிய மேட்டிலிருந்து நீருடன் மண்ணும் இறங்குகின்றது. குளம் தூர்ந்து கொள்ளளவு சுருங்குகின்றது. வவுனியாப் பக்கத்திற் புறப்பட்டு வடக்கே ஓடிவரும் கனகராயன் ஆறே இரணைமடுவை நிரப்புகின்றது. இரணைமடுவின்கீழ் இருபதினாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயல் விளைகின்றது. ஆகவே மேட்டுக்காடு நிற்பதன் முதற்பயனைப் பெறுபவன் தாழ்நிலத்து வயற்காரன். அக்காட்டைத் தொடாதிருக்கும்படி பணிக்கப்படுபவன் மேட்டுநிலத்து வறியவன். அவனுடைய அடுப்பின் விறகும், அவன் வெட்டக்கூடிய சேனையும், அவன் மாடு மேயும் புல்லும் இந்நீருக்கு அவன் செலுத்தும் விலையாகும். அந்நீரில் ஒரு குடமும் அவன் மண்ணுக்கு ஏறுவதில்லை. மீள்வனமாக்கம் என்ற பெயரில் நடைபெறுவது, நிலமற்றவனிடம் அறவிட்டு நிலமுள்ளவனுக்கு வழங்கும் ஒரு வரி என்று கூறினால் அது மிகையாகாது.

இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்வது பற்றி நீண்ட பிணக்கொன்று நடந்தது. கிளிநொச்சி விவசாயிகள் தம் உரிமையை எடுத்துரைத்தனர். யாழ்ப்பாணத்தார் தம் தாகத்தை எடுத்துரைத்தனர். இருசாராரின் வாதத்திலும் நியாயம் இருந்தது. அந்நீர் இறங்கிவரும் மேட்டில் வாழ்பவனுக்கு அதிற் பங்குண்டா என்று எவரும் வினவியதாகத் தெரியவில்லை.

காட்டை ஆக்கும் பணியில் வறியவனுக்கு இடமளிக்கப்பட்டதே இல்லை என்பதற்கில்லை. அளிக்கப்பட்டது; எவ்வாறு என்பதிலே தான் சூட்சுமம் இருக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பர்மாவின் வன நிர்வாகத்தை ஏற்ற டீட்ரிக் பிராண்டிஸ் என்ற ஜேர்மானியர், மலைச்சாரலிற் காடு வெட்டிப் பயிரிட்ட கரேன் மக்களைத் தண்டிப்பதிலும் பார்க்கப் பயன்படுத்துவது இலாபமென்று கண்டார். வெட்டிய நிலத்திற் பயிருடன் தேக்கையும் நடவேண்டும், சில ஆண்டுகளில் நிழல் படர்ந்ததும் நிலத்தை விட்டு அகலவேண்டும், தேக்கு அரசுக்கு. மலைப் பயிர்ச்செய்கை எனப் பொருள்படும் 'தௌங்யா' என்ற பர்மியச் சொல்லே அம்முறைக்கும் பெயராயிற்று. மலைவாழ் வறியவரின் வாழ்க்கைமுறை, அவரையே வெளியேற்றும் பொறியாக மாற்றப்பட்ட கதை இது.

இலங்கையின் உலர்வலயத்திற் கூட்டுறவு மீள்வனமாக்கம் என்ற நற்பெயருடன் அம்முறையே கையாளப்பட்டது. நிலமற்ற விவசாயிக்கு ஓரிரு ஏக்கர் காடு ஒதுக்கப்படும். அவன் ஆனி, ஆடியில் வெட்டுவான், ஆவணியில் எரிப்பான், மழை கண்டதும் குரக்கனும் சோளமும் எள்ளும் விதைப்பான். குறிக்கப்பட்ட இடைவெளியில் தேக்கங்கன்றை நட்டு, களை பிடுங்கி, தீ அண்டாமற் காப்பான். மூன்றாம் ஆண்டளவில் உத்தரவுப்பத்திரம் முடிவடையும். அவன் வேறிடம் தேடவேண்டும். வளர்ந்த தேக்கில் அவனுக்கு ஒரு பலகையும் உரித்தன்று. இயற்கைக் காட்டை வெட்டியவன் என்ற பழி மட்டும் அவனுடையதாக எஞ்சும். கூலியின்றிக் காடு வெட்டவும் கூலியின்றி மரம் நடவும் ஆள் கிடைத்த இத்தகைய ஒப்பந்தத்தை எந்தத் தோட்டத்துரையும் கனவிலும் கண்டிருக்கமாட்டான்.

பிறந்த தேக்கங்காடு எத்தகையது என்பதையும் நோக்கலாம். பாலையும் வீரையும் கோடையிலும் பச்சை மாறாது நிற்கையில், தேக்கு இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும். அதன் உலர்ந்த சருகு தீக்கு இரை. மழைநீர் அதன் அகன்ற இலைகளிற் திரண்டு பெருந்துளியாக விழுந்து, கீழ்ச்செடி அருகிய மண்ணை அரிக்கின்றது. வைகாசி, ஆனியில் வவுனியாச் சந்தைக்கும் பஸ் நிலையத்துக்கும் வந்துசேரும் பாலைப்பழம் தேக்கிற் காய்ப்பதில்லை. வீரைப்பழமும் முரலிப்பழமும், மூலிகையும் அங்கில்லை. ஒரு பாலைமரம் ஒரு குடும்பத்தின் கோடைகால வருவாயிற் பங்கு கொள்கின்றது. தேக்குமரம் அரச மரக் கூட்டுத்தாபனத்தின் கணக்கேட்டிலே மட்டும் பங்கு கொள்கின்றது. இரண்டும் அறிக்கையிற் 'காடு' என்ற ஒரே நிரலில் எழுதப்படுகின்றன.

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் அரசின் காட்டுப் பற்று புதுவேகம் பெற்றது. 2009இல் செட்டிகுளத்திற் காட்டை அழித்து மெனிக் பாம் முகாம் அமைக்கப்பட்டது; இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அங்கு முட்கம்பிக்குள் வைக்கப்பட்டனர்; 2012 செப்டெம்பரிலேயே அது மூடப்பட்டது. மக்களை அடைக்கக் காடு வெட்டலாம். அவர்கள் குடியிருக்க வெட்டலாகாது போலும். ஊர் திரும்பியோர் தம் காணிகளில் இருபதாண்டுப் பற்றை வளர்ந்திருக்கக் கண்டனர். 2001ஆம் ஆண்டின் சுற்றுநிருபம் ஒன்று எஞ்சிய அரச காடுகளையும் வனவளத் திணைக்களத்தின் பொறுப்பில் வைத்திருந்தது. எனவே துப்புரவாக்க முனைந்தவன், தன் பாட்டன் வெட்டிய கிணற்றருகே எல்லைக்கல்லைக் கண்டான். வவுனியா வடக்கின் காஞ்சிரமோட்டையில் மீளத் திரும்பிய குடும்பங்களுக்கும் அத்திணைக்களத்துக்கும் எழுந்த பிணக்கு பத்திரிகைகளிற் பலமுறை வெளிவந்தது. யுத்தம் துரத்தியதால் வளர்ந்த காடு, துரத்தப்பட்டவனுக்கு எதிரான சான்றாயிற்று. 1840இன் தருக்கம் சற்றும் மாறாமல் மறுபடி பேசியது.

2020இல் அச்சுற்றுநிருபம் நீக்கப்பட்டு எஞ்சிய காடுகள் மாவட்ட, பிரதேச செயலகங்களின் பொறுப்பிற்கு வந்தமை விடிவு எனக் கருதப்பட்டது. சூழலியலாளர் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். பெருங்கம்பனிகள் நுழையும் என்றனர். அவ்வச்சம் பொய்யன்று. பிரதேச செயலகத்தின் வாயிலும் பணத்துக்கே அகலத் திறக்கும். எந்த அலுவலகத்தின் பொறுப்பு என்பதைப் பற்றியே இருதரப்பும் வாதிட்டன. காட்டோரத்து மக்களின் பொறுப்பில் அது வரலாம் என்பது விவாதப் பொருளாகவே ஆகவில்லை. 2025 மார்ச் 28ஆம் திகதிய வர்த்தமானி, வடமாகாணத்தில் 5,940 ஏக்கர் நிலத்துக்கு மூன்று மாதத்துள் உரித்து நிரூபிக்கப்படாவிடின் அது அரசுடைமையாகும் என்றபோது எதிர்ப்பு மூண்டது, அறிவித்தல் கைவிடப்பட்டது. எதிர்ப்பு நியாயமானதே. ஆயினும் உறுதி உள்ளவனின் நிலத்துக்காக எழுந்த அக்குரல், உறுதியே வழங்கப்படாதவனின் நிலத்துக்காக இத்தனை உரத்து எழுந்ததில்லை.

இங்குத் தமிழ்ச் சமூகம் தன்னை நோக்குதல் அவசியம். மண் பறிபோகிறது என்ற முழக்கம் மேடைதோறும் கேட்கின்றது. அம்மண்ணிற் கால் நூற்றாண்டு, அரை நூற்றாண்டு வாழ்ந்தும் வயலும் உரிய பத்திரமும் இன்றி நிற்கும் மலையகத் தமிழரை 'வடக்கத்தையான்' எனவும் 'தோட்டக்காட்டான்' எனவும் இழித்துரைக்கும் நாவும் அம்மேடைக்கு அருகிலேயே இருக்கின்றது. எல்லைக் கிராமங்களுக்கு அவர்கள் வேண்டும். நெல் அறுக்க அவர்கள் வேண்டும். போரில் மடியவும் வேண்டியிருந்தனர். வாய்க்கால் பங்கிடும்போது மட்டும் வேண்டியதில்லை. பல்கலைக்கழகங்களிலிருந்து மரநடுகைக்குச் செல்லும் மாணவர் அணிகளும் இவ்வூர்களைப் பஸ்ஸின் யன்னலூடே கண்டு மீள்வதுடன் அமைந்துவிடுகின்றன.

மேட்டுநில மக்களிடம் காட்டை ஒப்படைத்தால் மறுநாளே வெட்டி விற்றுவிடுவர் என்பது எதிர்வாதம். சேனைச் செய்கை தீங்கற்றது என்று இங்கு வாதிக்கப்படவில்லை. பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓய்வு பெற்ற நிலத்தில் ஒருமுறை வெட்டி எரிப்பது ஒன்று. நிலம் சுருங்கிச் சனம் பெருகி மூன்று, நான்கு ஆண்டுகளில் அதே இடத்தை மறுபடி எரிப்பது வேறொன்று. பின்னையது மண்ணைக் கொல்லும். ஆனால் நாளை தன்னிடம் இருக்குமென்ற உறுதியில்லாத நிலத்தில் எவனும் பதினைந்தாண்டுத் திட்டம் தீட்டமாட்டான். ஒரு சைக்கிள் விறகுடன் பிடிபட்டவன் நீதிமன்றில் நிற்க, இரவில் முதிரைக்குற்றி ஏற்றிய லொறி கண்டிவீதியைக் கடந்து போகையில், காட்டுக்காக இரக்கப்படுமாறு அவனுக்கு உபதேசிப்பதும் வீண்.

நேபாளத்தின் அனுபவம் இவ்விடத்துப் பயன்படும். அந்நாடு 1957இற் காடுகளை அரசுடைமையாக்கியது. தமதென்று காத்த காடு பிறருடையதானதும் மலைவாழ் மக்கள் காவலைக் கைவிட்டனர், சரிவுகள் மொட்டையாயின. பின்னர் கொள்கை படிப்படியாக மாறி, 1993ஆம் ஆண்டு வனச் சட்டம் ஊர்க்குழுக்களுக்குக் காட்டின் ஆட்சியையும் பயனையும் வழங்கிற்று. 1992இல் நிலப்பரப்பில் 26 சதவீதமளவாக இருந்த காடு 2016இல் 45 சதவீதமளவாகப் பெருகியதைச் செய்மதிப் படங்கள் காட்டுகின்றன. வெளிநாட்டு உழைப்புக்காக இளைஞர் வெளியேறியதும் இதற்கொரு காரணமென்பர், இருக்கலாம். மேற்கு வங்கத்தின் அரபாரியில் 1972 முதல் 11 கிராமத்தவருக்குக் குங்கிலியக் காட்டின் விற்பனையில் 25 சதவீதம் உறுதியளிக்கப்பட்டது. அங்கே கன்று நடுவது பெருவேலையாக இருக்கவில்லை. வெட்டப்பட்ட அடிமரங்களை மாடும் கோடரியும் அண்டாமற் காத்தபோது அவை தாமே தளிர்த்துக் காடாயின.

வன்னிக்கு இப்பாடம் நேரே பொருந்தும். வீரையும் விண்ணாங்கும் முதிரையும் அடியிலிருந்து தளிர்க்கக்கூடியவை. தீயையும் மேய்ச்சலையும் சில ஆண்டுகள் தடுத்தாற் பற்றைநிலம் தன் வழியே காடாகும். இதற்கு வேண்டியது நாற்றுமேடையிலும் பார்க்கக் காவல். காவலுக்கு வேண்டியது கூலி, பங்கு, பத்திரம். மேட்டுக்காணிக்கு நிரந்தர அளிப்புப் பத்திரம் வழங்குக. ஊரை அண்டிய பற்றைக்காட்டைப் பெயர் குறித்து அவ்வூரின் குழுவிடம் எழுத்தில் ஒப்படைக்குக. பாலைப்பழத்தையும் தேனையும் விறகையும் அனுமதிச்சீட்டின்றி எடுக்க அக்குழுவுக்கு உரிமை அளிக்குக. இருக்கும் தேக்கங்காடு வெட்டப்படுகையில் அதன் வருவாயில் ஒரு பங்கு அயலூருக்குச் சேரட்டும்; வெட்டிய இடத்தில் மீண்டும் தேக்கு வேண்டாம். குளத்தின் அலைகரையில் மருதும் இலுப்பையும் புளியும் வளர்க்கும் வேலையை ஒப்பந்தக்காரருக்குக் கொடாது, மேட்டுநிலப் பெண்களுக்கு மாதச் சம்பளத்துடன் கொடுக்குக. இவற்றுக்கான பணத்தில் ஒரு பகுதி, ஏக்கருக்கு ஒரு சிறு தொகையாக, குளநீர் பெறும் வயல்களிலிருந்தே வரவேண்டும். வயற்காரர் முணுமுணுப்பர். குளம் தூர்ந்தபின் அதைத் தோண்டுவதற்கு ஆகும் செலவை அவர்கள் அறிவர்.

காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன்னர் ஒவ்வொரு பெருங்குளத்துக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகின்றது. எந்நாள் நீர் திறந்துவிடுவது, எத்தனை ஏக்கர் விதைப்பது, கால்நடைகளை எப்போது அப்புறப்படுத்துவது என்பன அங்கே தீர்மானிக்கப்படுகின்றன. கமக்காரர் அமைப்புகளும் நீர்ப்பாசனத் திணைக்களமும் மாவட்டச் செயலகமும் அங்கு அமர்கின்றன. நீர்ப்பிடிப்புக் காட்டின் ஓரத்தில் வாழும் வயலற்ற ஊர்களுக்கு அங்கே இருக்கையில்லை. வரும் புரட்டாதியில் நடைபெறும் கூட்டத்துக்கு அவ்வூர்களிலிருந்து இருவரை அழைக்கச் சட்டத்திருத்தம் எதுவும் தேவையில்லை. ஒரு கடிதம் போதும்.